கேஸ் மாத்திரை கேட்டு வருகிறவரிடம் ஒரு கேள்வி: கடலூர் மாவட்ட மருந்துக்கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், விருத்தாசலம் என்று இந்த மாவட்டம் முழுக்க மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கும் அங்கே கவுண்டரில் நிற்பவர்களுக்கும்,

வணக்கம். நான் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும்) அறையிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் கழிந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு வந்தவர்களைப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். டாக்டர்களுக்கு எழுத வேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் நெஞ்செரிச்சல், ஏப்பம், அடைப்பு என்றால் ஜனங்கள் முதலில் ஏறுவது உங்கள் கடைப்படிதான். டாக்டர் கண்ணில் படுவதற்குப் பல மாதம் முன்பே அவர்கள் உங்கள் கண்ணில் பட்டுவிடுகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நாற்பது வயது தாண்டிய ஒருவர் கேஸ் மாத்திரையோ, ஜெலுசில் மாதிரி ஒரு பாட்டிலோ திரும்பத் திரும்ப வாங்க வந்தால், எடுத்துக் கொடுப்பதற்கு முன் "சோறு நல்லா இறங்குதா, எங்கயாவது நிக்குதா?" என்று கேளுங்கள். நிற்கிறது என்று சொன்னால், "இதுக்கு மாத்திரை போதாது, உள்ள கேமரா விட்டுப் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்புங்கள். வயது குறைவாக இருந்தாலும் சோறு நிற்கிறது என்று அவராகவே சொன்னால் அப்படியே செய்யுங்கள். இங்கிலாந்தில் விழுங்கச் சிரமம் என்று வருகிற யாருக்கும், வயது பார்க்காமல், அவசரமாக எண்டோஸ்கோபி செய்துவிட வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே இருக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்கிறேன். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். மூச்சுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையில் சேருகிறது. தசையால் ஆனது என்பதால் நன்றாக விரிந்து கொடுக்கும். உள்ளே சின்னதாக ஒரு கட்டி இருந்தாலும் சோறு சுற்றிக்கொண்டு போய்விடும். 'நிக்குது' என்று ஒருவர் உணரும்போது பெரும்பாலும் உள்வழியில் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கும். வயிற்றுக்கும் குடலுக்கும் வெளியே மெல்லிய உறை ஒன்று உண்டு. உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு அந்த உறை கிடையாது. அதனால் நோய் சுவரைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பது மூச்சுக்குழாயும் பெரிய ரத்தக்குழாயும்தான். நிணநீர்ப் பாதைகளும் குழாயின் நீளவாக்கில் ஓடுவதால் கழுத்து வரைக்கும் வயிறு வரைக்கும் பரவ வழி இருக்கிறது. ஆகவே முதல் அறிகுறியே தாமதமாக வரும் அறிகுறி. அதற்கு மேலும் நாம் மாதக்கணக்கில் தாமதம் சேர்த்தால் சிகிச்சைக்கு வழி குறைந்துகொண்டே போகும்.

அறிகுறி வரும் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் கெட்டியானது நிற்கும்: பரோட்டா, கறித்துண்டு, காய்ந்த தோசை. அப்புறம் சோறு, இட்லி. அப்புறம் கஞ்சி. கடைசியில் தன் எச்சிலையே விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சோறும் ஒன்றுபோல நிற்கிறது என்றால் அது குழாயின் தசை, நரம்பு சம்பந்தப்பட்ட வேறு கோளாறாக இருக்கலாம். அதையும் உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும். குரல் கம்மிப்போவது, தண்ணீர் குடித்தால் புரையேறி இருமுவது, விடாத விக்கல், முதுகுக்குப் போகும் வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இதில் எது கூட வந்தாலும் நாள் கடத்தக்கூடாது.

வீட்டில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சோறு நிற்க ஆரம்பித்ததும் மனுஷர் குழம்பை அதிகமாக ஊற்றிப் பிசைந்துகொள்வார். ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து இறக்குவார். சாப்பிட நேரமாகிறது என்பதால் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வார். "பல்லு போச்சு, வயசாச்சு" என்று அவரே காரணமும் சொல்லிவிடுவார். வீட்டுக்காரர்கள் நம்பிவிடுவார்கள்.

ஆனால் உங்கள் கடையில் மட்டும் தெரியும் ஒரு அடையாளம் இருக்கிறது. வருஷக்கணக்காக மாத்திரை விழுங்கிய மனுஷர் திடீரென்று ஒருநாள் "மாத்திரை வேணாம் தம்பி, சிரப்பா இருந்தா குடு" என்று கேட்பார். அல்லது "இந்த சுகர் மாத்திரை பெருசா இருக்கு, சின்னதா வேற கம்பெனி இருக்கா?" என்பார். அல்லது மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரையை வாங்காமலே விட்டுவிடுவார், ஏன் என்று கேட்டால் "தொண்டையிலயே ஒட்டிக்குது" என்பார். இதை எந்த டாக்டரும் பார்க்க முடியாது, வீட்டிலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். குழந்தைக்கில்லாமல் தனக்காக சிரப் கேட்கும் பெரியவரைப் பார்த்தால் தயவுசெய்து நின்று ஒரு நிமிஷம் பேசுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலை செய்த ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. எண்டோஸ்கோபிக்கு வந்தவர் தன் மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே காலி அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். அடியில் ஆசிட் மாத்திரை அட்டைகள், மேலே சிரப் பாட்டில்கள், அதற்கும் மேலே பசி எடுக்க ஒரு டானிக். எல்லாம் ஊரிலிருந்த ஒரே கடையில் வாங்கியது. வாங்கிய வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தார், டாக்டர் கேட்டால் காட்ட வேண்டும் என்று. அந்தப் பையைப் பார்த்தாலே நோய் எப்போது எந்தக் கட்டத்துக்குப் போனது என்று சொல்லிவிடலாம். ரவிக்கை தோளில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தார். உள்ளே கேமராவை விட்டபோது குழாயின் நடுப்பகுதியைத் தாண்டி அது போகவில்லை. அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. கடனுக்குக்கூட மருந்து கொடுத்திருக்கிறார், அந்த அம்மாவே சொன்னார். அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை, அதுதான் நடந்தது.

ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை எரிச்சலைக் குறைக்கும், அடைப்பைத் திறக்காது. எரிச்சல் குறைந்ததும் 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். அந்த நிம்மதியில்தான் இரண்டு மூன்று மாதம் போய்விடுகிறது. நான் சட்டத்தைக் காட்டி மிரட்டவோ, வியாபாரத்தைக் கெடுக்கவோ எழுதவில்லை. கேஸ் மாத்திரை வாங்கும் நூறு பேரில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருக்காது என்பது எனக்கும் தெரியும். விழுங்கச் சிரமம் இருப்பவர்களிலும் பலருக்கு ஆசிட்டால் வந்த புண்ணோ, தழும்பால் வந்த சுருக்கமோ இருக்கும். ஆகவே அவர்களிடம் புற்றுநோய் என்ற பேச்சையே நீங்கள் எடுக்க வேண்டாம். 'உள்ளே பார்த்துவிட்டால் சரியான மருந்து கொடுக்கலாம்' என்று சொன்னால் போதும்.

அப்போது அவர்கள் கேட்கப்போவது "டியூப் விடுவாங்களாமே?" என்பதுதான். உண்மையைச் சொல்லுங்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய், பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். குமட்டும், மூச்சு அடைக்காது. சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அது வலிக்காது. "சதை எடுத்தா பரவிடும், கத்தி பட்டா வேகமா வளரும்" என்ற பேச்சு நம் ஊரில் பலமாக இருக்கிறது. இதை நம்பி பயாப்ஸி எடுக்காமல் எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சதை எடுப்பதால் இந்த நோய் பரவுவதில்லை. எடுக்காவிட்டால் என்ன நோய், என்ன வகை என்றே தெரியாது, சிகிச்சையே தொடங்க முடியாது. நீங்கள் சொன்னால் கேட்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்வதைவிட தெருமுனைக் கடைக்காரர் சொல்வதை நம் ஜனங்கள் அதிகம் நம்புகிறார்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை. அங்கே வசதி இல்லையென்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். ஜிப்மரில் புற்றுநோய்க்கென்றே மண்டல மையம் இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ். ஆதார், ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். அந்தக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பணமில்லை என்ற பயத்திலேயே பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

"கண்டுபிடிச்சா மட்டும் என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. இது கொடிய நோய்தான். 2022-ல் உலகம் முழுக்கச் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்தது, சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லும் மதிப்பீடு. ஆனால் கட்டத்துக்குக் கட்டம் நிலைமை வேறு. குழாயின் உள்பக்க மேல்தோலோடு நிற்கும் கட்டியை எண்டோஸ்கோப் வழியாகவே சீவி எடுத்துவிடலாம். அதைத் தாண்டி, ஆனால் தூரத்து உறுப்புகளுக்குப் போகாமல் இருந்தால் ஐந்து வாரம் கதிர்வீச்சும் வாரம் ஒரு கீமோவும் கொடுத்து, பிறகு அறுவை சிகிச்சை செய்வது இன்று பரவலாக இருக்கும் முறை. நெதர்லாந்தில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 24 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். முன்கூட்டியே கீமோவும் கதிர்வீச்சும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 49 மாதம் தாண்டி இருந்தார்கள். நம் நாட்டில் அதிகம் வருவது, குழாயின் உள்தோல் செல்களில் தொடங்கும் செதிள்செல் வகை. அந்த ஆய்வில் முன்கூட்டியே கீமோவும் கதிர்வீச்சும் எடுத்த அந்த வகைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அறுத்து எடுத்த குழாயில் புற்று மிச்சமே இல்லை. கழுத்துப் பகுதியில் கட்டி என்றால் பெரும்பாலும் அறுவை இல்லாமல் கதிரும் கீமோவும் மட்டுமே.

இதெல்லாம் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் அறுவை, மனித உடம்பில் செய்யப்படும் பெரிய அறுவைகளில் ஒன்று. மூன்று மாதம் கஞ்சித் தண்ணியில் ஓட்டி எலும்பும் தோலுமாக வருகிறவருக்கு அதைச் செய்ய டாக்டர்கள் தயங்குவார்கள். கட்டி இன்னும் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தும் உடம்பு இடம் கொடுக்காமல் வாய்ப்பு போவதுதான் எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல்.

நோய் உறுதியான பிறகும் அவர்கள் உங்களிடம்தான் திரும்பி வருவார்கள். அந்த இடத்தில் உங்களால் முடிவது நிறைய.

கீமோ எடுப்பவர் வீட்டிலிருந்து யாராவது காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தால் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் என்றால் அந்த மணி நேரமே மருத்துவமனை. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வரும் காய்ச்சல் ஒரே ராத்திரியில் உயிரை எடுத்துவிடும். பாராசிட்டமால் அதை மறைத்துவிடும்.

மூக்கிலோ வயிற்றிலோ குழாய் வைத்தவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்வதற்கு முன் அட்டையைப் பாருங்கள். மெதுவாகக் கரையும் வகை, குடலில் போய்க் கரையும்படி உறை போட்ட வகை இரண்டையும் பொடிக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டு மாற்று வாங்கி வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை ஊட்டியதும் 30 முதல் 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும் என்பதை ஊட்டும் சிரிஞ்சு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். குழாய் அடைத்துக்கொண்டு ராத்திரியில் ஆட்டோ பிடித்து வருகிறவர்கள் அதிகம்.

புரோட்டீன் பவுடர் டப்பா கேட்பார்கள். விற்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கி டப்பா வாங்குகிறவர் முகம் உங்களுக்குத் தெரியும். அவரிடம் சொல்லுங்கள்: கஞ்சியில் பால், வேகவைத்து மசித்த முட்டை, கடைந்த பருப்பு, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, ஒரு கரண்டி நெய் அல்லது எண்ணெய் சேர்த்து மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் அதே வேலை நடக்கும். வெறும் வடிகஞ்சியும் இளநீரும் வயிற்றை நிரப்பும், சதை போடாது. வயிற்றில் வைத்த குழாய் இரைப்பைக்குப் போகிறதா, குடலுக்குப் போகிறதா என்று கேளுங்கள். குடலுக்கு என்றால் மெதுவாக, நீர்த்த உணவாக, மருத்துவமனையில் சொன்ன அளவில்தான் விட வேண்டும்.

அடைப்பைத் திறந்து வைக்க உள்ளே ஸ்டென்ட் போட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மென்று, இடையிடையே தண்ணீர் குடித்துச் சாப்பிட வேண்டும். பிரெட், பரோட்டா, நார்க்கறி வேண்டாம். சாப்பிட்டதும் படுக்கக்கூடாது. தலைப்பக்கம் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டால் ராத்திரி எதுக்களிப்பது குறையும்.

வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் குடும்பமே பயந்துவிடுகிறது. போதைக்கு அடிமையாகிவிடுவார், அதோடு முடிந்துவிடுவார் என்று. வலி இருக்கும்வரை டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும் மார்ஃபின் மனுஷரை உட்கார வைக்கும், தூங்க வைக்கும், பேரப்பிள்ளையோடு பேச வைக்கும். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே இது தேவையானவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கு மருந்தும் சேர்த்தே எடுக்க வேண்டும். அந்த மருந்து உங்களிடம் இருக்கிறது, ஞாபகப்படுத்துங்கள்.

யாருக்கு வருகிறது என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பீடி, சிகரெட், ஹான்ஸ், கூல் லிப், வெற்றிலையோடு புகையிலை, சாராயம், பிராந்தி. புகையிலையும் குடியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமும் காரணமாக இருக்கக்கூடும் என்று 2016-ல் மேலே சொன்ன அதே முகமை வகைப்படுத்தியிருக்கிறது. டீயை இரண்டு ஆற்று ஆற்றிக் குடித்தால் போதும். பல வருஷமாக நெஞ்செரிச்சலோடு, பருமனான உடம்போடு இருப்பவர்களுக்குக் குழாயின் கீழ்ப்பகுதியில் வேறு வகை வரும். முன்பு எப்போதோ ஆசிட் குடித்துப் பிழைத்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். சிப்காட் தொழிற்பேட்டைக் காற்றைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முறையான ஆய்வுதான் பதில் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது.

பெண்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பீடியும் பிடிக்காத, சாராயமும் குடிக்காத பெண்ணுக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்துவிடுகிறோம். நாற்று நடும்போதும் முந்திரி உடைக்கும்போதும் பசி தெரியாமல் இருக்க வாயில் வெற்றிலை புகையிலை அடக்கியிருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, பல வருஷம் ரத்தசோகையோடு இருக்கும் பெண்களுக்குத் தொண்டைக்குக் கீழே மெல்லிய சவ்வு வளர்ந்து விழுங்கச் சிரமம் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் புற்று வர வாய்ப்புண்டு. வெளுத்த முகத்தோடு சத்து டானிக் கேட்டு வரும் பெண்ணிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

புகையிலையை விட விரும்புகிறவருக்கு 1800 11 2356 என்ற தேசிய எண் இருக்கிறது. கட்டணம் இல்லை. நிகோடின் சூயிங்கம் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையில் கூட்டம் நிற்கும்போது இதெல்லாம் நடக்குமா என்பீர்கள். நடக்கிற மாதிரி இரண்டு வழி சொல்கிறேன். பல கடைகளின் வாசலில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. அடிக்கடி கேஸ் மாத்திரைக்கு வருகிறவரை அதில் ஏறச் சொல்லி, எடையைத் தேதியோடு பில்லின் பின்னால் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் வரும்போது குறைந்திருந்தால் அவருக்கே புரிந்துவிடும். அப்புறம், கவுண்டருக்கு மேலே ஒட்ட ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, கீழே பக்கத்து அரசு மருத்துவமனையின் வெளிநோயாளி நேரத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

"சோறு, இட்லி நெஞ்சில் நிற்கிறதா? மாத்திரை விழுங்கச் சிரமமா? தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எங்களிடம் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி எங்கே எடுப்பது என்று நாங்கள் சொல்கிறோம்."

அன்புடன்,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கடலூர்